பஞ்சு வெள்ளையாகவே இருந்தது

எங்கள் செட்டில் ஒட்டுகிறவர்களுக்குத்தான் மரியாதை. மீசை ஒட்டுகிறவர், தாடி ஒட்டுகிறவர், நெற்றியில் வெட்டுக்காயம் ஒட்டுகிறவர் எல்லோருக்கும் திரையில் பெயர் வரும். விக்கு வைக்கிறவன் என்பதால் என் பெயரும் வரும், கண் சிமிட்டுவதற்குள் போயும் விடும். ஒட்டியதையெல்லாம் சாயங்காலம் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துவிடுகிற ஒருத்திக்கு மட்டும் பெயர் கிடையாது. நாங்கள் அவளைத் துடைப்பக்கா என்று கூப்பிட்டோம். புதிதாக வந்த லைட்பாய் ஒருவன் சுருக்கித் துடைப்பம் என்று கூப்பிட்டுப் பார்த்தான். "அதாலயே வாங்குவே" என்றாள். அதோடு சரி.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையே வேடிக்கை. முன்பு பழைய பாட்டில் கழுவுகிற கம்பெனியில் இருந்தாள். ஜாம் பாட்டில், மருந்துப் பாட்டில், வாசனைத் தண்ணீர் பாட்டில் என்று வந்து குவியும். அவற்றின் மேல் இருக்கும் லேபிளைக் கிழிசல் இல்லாமல் எடுப்பதுதான் அவளுக்கு வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள். எங்கள் செட்டுக்குத் தரை துடைக்க வந்தாள். ஒரு நாள் சாயங்காலம் வில்லன் நடிகர் கையில் ஒட்டியிருந்த டாட்டூ ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். தோல் சிவந்து வீங்கிவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு இவள் போய், "நோண்டாதீங்க சார். லேபிளும் தோலும் ஒண்ணுதான். ஊற விடணும்" என்றாள். எண்ணெய் தடவினாள். கொஞ்ச நேரம் எதையோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பஞ்சால் ஒரே இழுப்பு. கை பிறந்த குழந்தையின் கைபோல் இருந்தது. மறுநாளிலிருந்து அவள் தரை துடைக்கவில்லை, ஆளைத் துடைத்தாள்.

குளியலறைக்கும் என் விக்கு அறைக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரி இடம். அதுதான் அவள் அறை. எங்கோ மூடிய சலூனிலிருந்து வந்த சாய்வு நாற்காலி ஒன்று, கை கழுவும் தொட்டி ஒன்று, அடிக்கடி விக்கல் எடுக்கும் டியூப்லைட் ஒன்று. அலமாரியில் குழந்தைகளுக்குத் தேய்க்கிற எண்ணெய், பஞ்சு, டேப், ஸ்பிரிட், சோப்பு, கடைசியில் தடவ ஒரு கிரீம். முதலில் எண்ணெய். அது ஊறும் வரைக்கும் ஊர்க்கதை. பிறகு பஞ்சு. அதற்கும் அடங்காத ஓரங்களுக்கு டேப்பை ஒட்டி மெல்ல உரிப்பாள். ஸ்பிரிட்டைக் கையில் எடுத்தாள் என்றால் அன்று அவளுக்குக் கோபம் என்று பொருள். தேய்க்கக் கூடாது, ஊற விடணும் என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். எனக்குச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கட்டினவர், சட்டை வாங்கி வருகிறேன் என்று போனவர். இன்னும் அளவுக்குச் சட்டை கிடைக்கவில்லை போலிருக்கிறது, வரவே இல்லை. அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு தம்பி. அம்மா போனபோது அவன் பால்பல் விழாத பையன். இவள்தான் சோறூட்டி, படிக்க அனுப்பி, படிப்பு ஏறாது என்று தெரிந்த பிறகு வேலை தேடி அலைந்தாள். எந்த வேலையிலும் அவன் நிலைக்கவில்லை. சோம்பேறி இல்லை. யாராவது குரலை உயர்த்தினால் கையும் காலும் ஓடாது, அவ்வளவுதான். கடைசியில் மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை எங்கள் சீரியலில் சேர்த்துவிட்டாள். வில்லனுக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு நிற்கும் ஐந்து அடியாட்களில் ஒருவன். உடம்பு வாட்டசாட்டம், மனசு வெண்ணெய். முதல் நாளே ஜன்னல் வழியாக ஒரு புறா உள்ளே வந்துவிட்டது என்று வில்லனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அன்றிலிருந்து எங்களுக்கு அவன் ரௌடி. ரௌடி, டீ குடிச்சியா? ரௌடி, அக்கா கூப்பிடுறாங்க. அவனும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு ஓடுவான்.

அந்த ஐந்து பேர் கழுத்திலும் ஒரே அடையாளம் இருக்க வேண்டும் என்று டைரக்டர் கேட்டார். எங்கள் மேக்கப்மேன், காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் பென்சில், மறுநாளே ஒன்றை வரைந்து கொண்டுவந்தான். ஒரு கொக்கி. மீன்பிடிக்கிற தூண்டிலில் இருக்குமே, அது. கீழே மூன்று புள்ளி. எங்கேயிருந்து பிடித்தாய் என்று கேட்டால், பென்சிலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான். எல்லோரும் பாராட்டினார்கள். ஸ்டிக்கராக அச்சடித்து, தினமும் காலையில் ஒட்டுவான். சாயங்காலம் துடைப்பக்கா எடுத்துவிடுவாள்.

தினமும் ஒட்டினால் ஒரே இடத்தில் எப்படி வரும்? ஒரு காட்சியில் கொக்கி காதுக்கடியில் இருக்கும், அடுத்த காட்சியில் தோளுக்கு வந்துவிடும். கொக்கி நடக்கிறது என்று பார்க்கிறவர்கள் கிண்டல் பண்ண ஆரம்பித்தார்கள். டைரக்டர் தாம்தூம் என்று குதித்தார். பென்சில் எங்கிருந்தோ ஒரு குப்பி கொண்டுவந்தான். ஏதோ காட்டுப் பழத்தின் சாறாம், கெட்டியாகப் பிசின் மாதிரி இருந்தது. அதால் வரைந்தால் பத்துப் பதினைந்து நாளைக்கு அழியாதாம். சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். யார் சும்மா உட்காருவான்? ரௌடிதான் உட்காருவான். வரைந்த விஷயத்தைப் பென்சில் டைரக்டரிடம் சொன்னான், மேனேஜரிடம் சொன்னான். துடைக்கிறவளிடம் சொல்லவில்லை. துடைக்கிறவளிடம் யார் எதைச் சொல்லியிருக்கிறார்கள்?

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல் தம்பியைக் கடைசியாக உட்கார வைத்தாள். எண்ணெய் தடவியதும் கறுப்புப் பிசின் கட்டி கட்டியாக உரிந்து வந்தது. கழுத்தில் டீக்கறை மாதிரி லேசாக ஒரு நிழல் மட்டும் மிச்சம். "புது ஸ்டிக்கரு போல. மொரடா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, "நாளைக்குக் குளிச்சா போயிடும்டா, போ" என்று முதுகில் தட்டி அனுப்பினாள்.

மறுநாள் அவனுக்குக் காட்சி இல்லை, வீட்டில் இருந்தான். மற்ற நால்வருக்கும் பழைய ஸ்டிக்கர்தான். மத்தியானத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது, பேக்கப் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கலைந்த அவசரத்தில் நால்வரில் ஒருவன் துடைத்துக்கொள்ளாமலே நழுவிவிட்டான். "அந்தக் கொக்கியோட பஸ்ல போனா சின்னப் புள்ளைங்க பயந்துக்காதா?" என்று புலம்பிக்கொண்டே அவள் என்னோடு பஸ் ஏறினாள். இரண்டு பேருக்கும் ஒரே பஸ்தான். அவள் நிறுத்தம் எனக்கு ஒரு நிறுத்தம் முந்தி.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. குடைத் தண்ணீரும் ஈரச்சட்டை நாற்றமுமாக இருந்தது. எங்களுக்கு முன்னால் ஓர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலி. அத்தனை நெரிசலிலும் அங்கே ஒருவரும் உட்காரவில்லை. அதைக் கவனித்திருந்தாலே எங்களுக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும். நாங்கள் பார்த்தது அவர் கழுத்தை. காதுக்குக் கீழே கொக்கி, மூன்று புள்ளி.

"பாருங்கண்ணே, இங்கதான் இருக்கான், ஏமாத்துப் பேர்வழி" என்றாள் என் காதில். நான் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் பையிலிருந்து பஞ்சும் சின்ன எண்ணெய்க் குப்பியும் வெளியே வந்துவிட்டன. மூக்கு ஒழுகும் பிள்ளையைப் பிடிப்பது போல் அவர் தோளைப் பின்னாலிருந்து ஒரு கையால் அழுத்தினாள். "துடைச்சுக்காம தப்பிச்சு வந்துட்டியா, கழுதை? ஆடாம இரு" என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் பஞ்சை வைத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. அவர் மெதுவாகத் திரும்பினார். நடுத்தர வயது. படிய வாரிய தலை, மேல் பட்டன் வரைக்கும் போட்ட சலவைச் சட்டை, மடியில் மடக்கிய குடை. ஏதோ ஆபீஸில் கணக்கெழுதுகிறவர் என்று சொன்னால் நம்பலாம்.

"என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"ஐயையோ, மன்னிச்சுக்குங்க சார். எங்க ஆளுன்னு நெனச்சுட்டேன். ஷூட்டிங்ல இதே மாதிரி அஞ்சு பேருக்கு ஒட்டுவாங்க. நான்தான் தினமும் எடுத்து விடுவேன்."

"இதே மாதிரியா?"

"அச்சு அசலா இதே. புள்ளிகூட மூணுதான் சார்."

நான் அவள் முழங்கையை இறுக்கினேன். பஸ் ஆட்டத்தில் நான் விழப்போகிறேன் என்று நினைத்து அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

"தினமும் துடைச்சா போயிடுமா?" என்று அவர் கேட்டார்.

"என் கைக்குப் போகாததா சார்? கொஞ்ச நேரம் ஊறினா போதும்."

"யாருக்கெல்லாம் போடுவாங்க?"

"பாவம், எல்லாம் வயித்துப் பொழப்புக்கு நிக்கிற பசங்க. என் தம்பியே அதுல ஒருத்தன்."

அவர் தலையை ஆட்டினார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்திலிருந்த எண்ணெயை ஒற்றி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நல்ல கைம்மா உங்களுக்கு. வலிக்கவே இல்ல" என்றார். இன்றுவரை எனக்கு அவர் பெயர் தெரியாது. மனதுக்குள் மரியாதைக்காரர் என்றுதான் வைத்திருக்கிறேன்.

அடுத்த நிறுத்தத்தில் அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். மழையில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் நின்று, "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? அவரு கழுத்துல இருக்கிறது ஊசியால குத்தினது. ஒட்டினது இல்ல" என்று கத்தினேன். அவள் கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அது யாரோட அடையாளம்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

பென்சிலுக்கு போன் போட்டேன். முதலில் நெற்றியைத் தட்டுகிற கதையையே சொன்னான். நான் போட்ட சத்தத்தில் உண்மை வந்தது. "பஸ் டிப்போவுக்குப் பின்னாடி ஒரு சுவத்துல பாத்தேண்ணே. அங்க கடை ஷட்டர்லகூடப் போட்டிருந்தாங்க. நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். சுவத்துல இருக்கிறதுக்கு யாரு சொந்தக்காரன்?" அந்தக் கடைகளை யார் திறக்கச் சொன்னால் திறக்கிறார்கள், யார் மூடச் சொன்னால் மூடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இவனுக்கு ஷட்டரில் ஓவியம் தெரிந்திருக்கிறது. திட்டுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அவனே கேட்டான்.

"ஆமா, ரௌடிக்குப் போட்டது நல்லா ஏறியிருக்கா?"

"அதான் நேத்தே துடைச்சாச்சே."

"மேல இருக்கிற பிசின்தாண்ணே போயிருக்கும். சாறு உள்ள இறங்கிடும். போட்டன்னைக்கு ஒண்ணும் தெரியாது, மறுநாள்தான் கருக்கும்."

பக்கத்தில் நின்றவளுக்கு அவன் குரல் கேட்டுவிட்டது. குடையை விரிக்காமலே நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடினேன். தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சாவி செய்கிற கடைக்கு மேலே அவர்கள் வீடு. தெரு முனையில் திரும்பும்போது ஒரு முறை பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில் ஒரு குடை அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

தம்பி சட்டையில்லாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். கொக்கி நீலம் பாய்ந்த கறுப்பில், பிறவியிலேயே இருந்தது போல் கழுத்தில் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அக்கா, பாத்தியா இதை? காலையில எழுந்து பாக்கிறேன், தானா வந்திருக்கு. சலூனுக்குப் போனேன். எனக்கு முன்னாடி காத்துக்கிட்டிருந்தவரு எந்திரிச்சு, நீங்க உக்காருங்கன்னாரு. என்னை, நீங்கன்னு!"

"ஊரெல்லாம் சுத்திட்டு வந்துட்டியாடா?" என்றாள் அவள்.

அவனை உட்கார வைத்தாள். எண்ணெய் ஊற்றினாள். ஊற விடவில்லை. அவள் தேய்த்து நான் அன்றுதான் பார்த்தேன். எண்ணெய் போய் ஸ்பிரிட் வந்தது. ஸ்பிரிட் போய்ச் சர்க்கரையும் உப்பும் வந்தன. பாத்திரம் தேய்க்கிற நார் வந்தது. கடைசியில் குளியலறையிலிருந்து, காலில் வெடிப்பு தேய்க்கிற கல்லை எடுத்து வந்தாள். அவன், "அக்கா எரியுது, அக்கா வேணாம்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "கொஞ்சம் பொறுத்துக்கடா, கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்க" என்று அவளும் அழுதுகொண்டே தேய்த்தாள். தோல் வழன்று ரத்தம் கசிந்தது. ஒற்றிப் பார்த்தால் சிவப்புக்கு அடியில் கொக்கி அப்படியே இருந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லைப் பிடுங்கினேன். ஒரு பெரிய பிளாஸ்திரியை அதன் மேல் ஒட்டினோம்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. பதமாக, இரண்டு விரலால்.

மரியாதைக்காரர் குடையை வெளியே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூட ஒருவன். அவன் செருப்பைக் கழற்றவில்லை, கதவை ஒட்டி நின்றுகொண்டான். மரியாதைக்காரர் தம்பிக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். துடைப்பக்கா உரிப்பாளே, அதே பதத்தில்.

"இப்படித் தேய்ச்சிருக்கீங்களே. ரொம்ப வலிச்சிருக்கும்" என்றார்.

"தெரியாம வரைஞ்சுட்டாங்க சார். நடிக்கிற புள்ள. பத்து நாள்ல தானா போயிடும். அதுவரைக்கும் வெளியவே விட மாட்டேன்."

"எங்கள்ல அப்படி ஒரு வழக்கம் இல்லம்மா. இது போற அடையாளம் இல்ல. டிவியில வந்தா நடிப்புன்னு விட்டுடலாம். இதைக் காலையிலேருந்து நாலு தெருவுல பாத்திருக்காங்க. பாத்தவங்க எழுந்து இடம் குடுத்திருக்காங்க. நாளைக்கு இது கழுத்துல இல்லன்னா, குடுத்தவங்க என்ன நெனைப்பாங்க? துடைச்சா போயிடும்னு நெனைப்பாங்க." அவர் தம்பியைப் பார்த்தார். "இப்ப ரெண்டே வழி. எங்க அடையாளம் இருக்கிற தோலை நாங்க எடுத்துக்கிட்டுப் போகலாம். இல்லன்னா, இருக்கிறது இருக்கிறபடி இருக்கலாம். ஒழுங்கா, ஊசியால. அப்புறம் தம்பி எங்க ஆளு."

கதவருகே நின்றவன் கை சட்டைப்பையில் இருந்தது. நான் போலீஸ் என்று ஆரம்பித்தேன். "தாராளமா போங்க சார். அங்கேயும் நம்ம ஆளுங்க இருக்காங்க, உங்களுக்கு டீ வாங்கித் தருவாங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தம்பி அக்காவின் புடவை முனையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்களே சொல்லுங்கம்மா. எடுக்கிறது உங்க வேலை. எடுத்துடவா? இருக்கட்டுமா?"

வாழ்நாள் முழுக்க எடுத்து எடுத்துப் பழகியவள். பாட்டிலிலிருந்து எடுத்தாள், தோலிலிருந்து எடுத்தாள். அவள் தம்பியின் தலையில் கை வைத்தாள்.

"இருக்கட்டும் சார்" என்றாள்.

அவர் பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டிவிட்டார். "பச்சைப் புண்ணு மேல குத்தக் கூடாது. முதல்ல ஆறட்டும். ஆறினதும் வர்றோம்" என்று எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, கிரீம் எது நல்லது என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் டைரக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே கழுத்துக் கொக்கி போய்க் கையில் பாம்பு வந்தது. ஏற்கெனவே எடுத்த காட்சிகளிலும் கழுத்தை மங்கலாக்கிவிட்டார்கள். மற்ற நான்கு பேருக்கும் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பஞ்சு, அதோடு தொல்லை விட்டது. பென்சில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். எனக்கு அவனைக் காதிலிருக்கும் பென்சிலாலேயே குத்த வேண்டும் போல் இருந்தது, இன்னும் இருக்கிறது.

துடைப்பக்கா வேலைக்கு வரவில்லை. நான் போய்ப் பார்ப்பேன். சாவிக்கடைக்கு எதிர் நடைபாதையில் ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். ஆள் மாறுவான், நாற்காலி மாறாது. மாடிப்படி ஏறும்போது எனக்கு அவன் ஒவ்வொரு தடவையும் தலையசைத்து வணக்கம் சொன்னான். வெளியூர் போய்விடலாமா என்று தம்பி கேட்டானாம். அந்த நாற்காலியைத் தாண்டி எப்படிப் போவது?

அவளுக்கு வந்த சோதனை அந்தக் கழுத்துப் புண்தான். புண் ஆறினால் அவர்கள் வருவார்கள். ஆறாமல் பார்த்துக்கொண்டால் வர மாட்டார்கள். முதல் சில நாள் அவள் மருந்தே போடவில்லை. கிரீமை அலமாரியில் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டாள். புண் சீழ் பிடித்தது. தம்பிக்குக் காய்ச்சல் வந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். ராத்திரியில் என்ன பாடுபட்டாளோ, ஒரு காலையில் நான் போனபோது கிரீம் கீழே வந்திருந்தது. "பாக்க முடியலண்ணே. பெத்தவளா இருந்தா தாங்குவாளோ என்னவோ, என்னால முடியல" என்றாள். ஆற வைத்தாள். தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆற வைத்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் எனக்கு போன் வந்தது. குரலில் பழைய துடைப்பக்கா இருந்தாள்.

"அண்ணே, போயிடுச்சுண்ணே! பக்கு உதிர்ந்தப்ப அதோட சேர்ந்து கொக்கியும் போயிடுச்சு. பால் மாதிரி புதுத்தோலு. ஒரு புள்ளிகூட இல்ல. நீங்க வந்து பாருங்க!"

போட்டது போட்டபடி ஓடினேன். அவள் சொன்னது உண்மைதான். அவ்வளவு சுத்தமான கழுத்தை நான் பார்த்ததில்லை. அவன் சிரித்தான், இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னல் வழியாக எதேச்சையாகக் கீழே பார்த்தேன். எதிர் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, ஆள் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் கதவில் இரண்டு விரல்.

மரியாதைக்காரர் ஒரு சின்னப் பையோடு வந்தார். கழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா ஆத்திருக்கீங்கம்மா. அப்பவே சொன்னேனே, நல்ல கை" என்றார். எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. அவளைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், அசையாமல் இருக்க. அவள் பிடித்துக்கொண்டாள். ஊசியின் ரீங்காரத்தில் கீழே சாவிக்கடை மெஷின் சத்தம்கூடக் கேட்கவில்லை. தம்பி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது இருவரும் செட்டுக்கு வருகிறார்கள். ரௌடி என்று யாரும் கூப்பிடுவதில்லை. டைரக்டர்கூட அவனிடம் குரலை உயர்த்துவதில்லை. அவன் வந்தால் எழுந்து இடம் விடுகிறார்கள், நீங்க என்கிறார்கள். அவன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வில்லனுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போகிறான். நடுவில் சில நாள் காணாமல் போவான். ஏன் வரவில்லை என்று மேனேஜர் கேட்பதில்லை.

நேற்றுச் சாயங்காலம் என் அறையில் விக்கு சீவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தேன். தம்பி சாய்ந்து படுத்திருந்தான். கையில் ஒட்டியிருந்த பாம்பை அவள் எடுத்துவிட்டிருந்தாள். தட்டில் கறுத்த பஞ்சுகள் கிடந்தன.

"இதையும் எடுத்து விடுக்கா" என்று அவன் துண்டை அவிழ்த்தான்.

அவள் புதுப் பஞ்சு எடுத்தாள். எண்ணெயைக் கழுத்தில் கொக்கி மேல் விட்டு, விரல் நுனியால் பரப்பினாள். தேய்க்கவில்லை. காத்திருந்தாள். பிறகு ஓரத்திலிருந்து மெல்ல ஒரே இழுப்பு. பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை. திரும்ப எண்ணெய் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அவன் அப்படியே கிடந்தான். டியூப்லைட் விக்கிக்கொண்டே இருந்தது.

அவன் போன் அடித்தது. எழுந்து உட்கார்ந்தான். "சரிண்ணே. வர்றேன்ணே" என்று மட்டும் சொன்னான். புறாவுக்குப் பயந்தவன் முகம் அதில் எங்குமே இல்லை.

"எங்கேடா? எப்ப வருவே?"

அவன் துண்டைச் சுற்றிக்கொண்டான்.

"இருடா. இன்னும் ஊறவே இல்ல" என்றாள் அவள், பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு. அவன் கழுத்தில் எண்ணெயோடு படியிறங்கிப் போனான்.